ராஜாஜியின் கட்சியும் ரூபாய்க்கு மூன்று படியும்

கேள்வி: தேர்தல் வந்தால் வலதுசாரிக் கட்சிகள்கூட இலவசங்களில் இறங்கிவிடுகின்றன. தடையற்ற பொருளாதாரத்தை விட்டுக்கொடுக்காமல் நின்று, அதற்காகவே தோற்ற ஒரே கட்சி ராஜாஜியின் சுதந்திராக் கட்சிதானே? அப்படி ஒரு கட்சி இன்று வந்தால் தமிழ்நாட்டில் ஓட்டு விழுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: விட்டுக்கொடுக்காமல் எங்கே நின்றது ஐயா? 1967 தேர்தலில் அது நின்ற இடம் தி.மு.க. பந்தல். பக்கத்து நாற்காலியில் மார்க்சிஸ்ட் கட்சி. மேடையில் கொடுத்த வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி!

இதில் வேடிக்கை என்னவென்றால், 1952-ல் முதலமைச்சராக வந்த சில மாதங்களுக்குள் உணவு தானியக் கட்டுப்பாட்டை, அதாவது ரேஷனைத் தூக்கி எறிந்தவர் இதே ராஜாஜி. அரிசியைச் சந்தை பார்த்துக்கொள்ளும், சர்க்கார் தராசு பிடிக்க வேண்டாம் என்பது அவர் வாதம். பலர் பயந்த மாதிரி ஊர் பட்டினி கிடக்கவுமில்லை. அவர் வாழ்க்கையிலேயே துணிச்சலான பொருளாதார முடிவு அதுதான் என்பேன். பதினைந்து வருஷம் கழித்து அதே மனிதர், அரசே விலை குறைத்து அரிசி போடும் என்று சொன்ன கட்சிக்கு ஓட்டுக் கேட்டார். ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு ஓட்டுப் போடச் சொன்னார் என்று இன்றும் சொல்கிறார்கள். பூணூலைப் பிடித்தவர்களுக்கு, கட்சியின் கொள்கை அறிக்கையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

குறை மட்டும் சொல்லக் கூடாது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டபோது, எண்பது வயதில் எழுந்து, நிலம் உழுகிறவனிடமே இருக்கட்டும் என்று புதுக் கட்சி தொடங்க நெஞ்சுரம் வேண்டும். என்.ஜி. ரங்கா, மினு மசானி போன்றவர்கள் சேர்ந்தார்கள். தொழில் நடத்த எதற்கும் சர்க்கார் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய முறைக்கு 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்யம்' என்று ராஜாஜி வைத்த பெயர், அந்த ராஜ்யத்தைக் கலைக்கத் தொடங்கிய 1991-க்குப் பிறகும் நிலைத்திருக்கிறது. 1967-ல் மக்களவையில் 44 இடங்கள். காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி.

ஆனால் அந்த 44 பேரும் சந்தைக்காக வந்தவர்களா? ஒரிசாவிலும் ராஜஸ்தானிலும் சமஸ்தானத்து மன்னர் குடும்பங்கள்; குஜராத்தில் நிலமுள்ள பட்டிதார் சாதியினர். ராம்கர் ராஜா பீகாரில் தன் கட்சியையே கொண்டுவந்து இணைத்தார், சில வருஷங்களில் கிளம்பியும் போனார். கட்சியின் 21 கொள்கைகளில் கடைசியானது, மற்ற விஷயங்களில் உறுப்பினர் அவரவர் விருப்பப்படி பேசலாம் என்பது. இவ்வளவு பெரிய வாசல் வைத்தால் யார்தான் போகமாட்டார்கள்?

சென்னைக்கு வருவோம். சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம். தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை. அண்ணா மந்திரிசபையில் கூட்டாளிகள் யாருமில்லை. மூன்று படி ஒரு படியானது, அதுவும் சென்னையிலும் கோவையிலும் மட்டும். 1969-ல் இந்திரா 14 வங்கிகளை அரசுடைமையாக்கினார். மசானி எதிர்த்தார். காங்கிரஸ் உடைந்து பெரும்பான்மை போனபோது அந்த ஆட்சியைத் தாங்கியவர்களில் தி.மு.க. எம்.பி.க்களும் உண்டு. 1970-ல் இங்கே நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆனது. நிலத்துக்காகப் பிறந்த கட்சி தோள் கொடுத்து ஏற்றிவிட்ட ஆட்சி செய்த வேலை இது!

அதற்காகத்தான் ராஜாஜி 1971-ல் தி.மு.க.வை விட்டு விலகினார் என்று சொல்ல வருகிறீர்களா? சரி, விலகினார். விலகிப் போய்ச் சேர்ந்த இடம் காமராஜர். 1954-ல் குலக்கல்வி எதிர்ப்பில் தாம் இறங்கியபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்த காமராஜர். 1967-ல் எந்த ஆட்சி விழ வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னாரோ அந்தக் கட்சியின் காமராஜர். மக்களவையில் 44 என்பது 8 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் பீலு மோடி தலைமையில் கட்சி, வடக்கே விவசாயிகளின் தலைவரான சரண்சிங்கோடு கலந்தது. நாகபுரித் தீர்மானத்தைக் காங்கிரசுக்குள் இருந்தே எதிர்த்தவர் சரண்சிங் என்பதால், அந்த ஒரு இணைப்பை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆக, கொள்கைக்காகத் தோற்றது என்பது நீங்களாகக் கொடுக்கும் பட்டம். 1967-ல் ஜெயித்தது அடுத்தவர் அரிசியில், 1971-ல் தோற்றது அடுத்தவர் கூட்டணியில். காங்கிரஸ் போக வேண்டும், பிறகு தி.மு.க. போக வேண்டும், இரண்டு தேர்தலிலும் இங்கே ராஜாஜி ஓட்டுக் கேட்டது இதற்குத்தான். அந்த நியாயத்தில் எனக்குக்கூட உடன்பாடு உண்டு. ஆனால் அது பொருளாதாரம் அல்ல.

இன்று வந்தால் ஓட்டு விழுமா என்கிறீர்கள். ரேஷன் வேண்டாம், மானியம் வேண்டாம், விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று தனியாக நின்று அவர்கள் அன்றைக்கே கேட்டிருந்தால், இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லியிருப்பேன்.