பகல்நேர இசை நிகழ்த்துதலுக்கான எம்மி: பட்டியலில் ஏன் இல்லை?

ஒரு பாடகருக்குப் பகல்நேர எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல்நேர நிகழ்ச்சிகளுக்கான விருது) கிடைத்ததாகச் சொல்கிறார்களே, அது பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேடிய இடம்தான் தவறு, விருது பொய்யல்ல. மாலை, இரவு நேர நிகழ்ச்சிகளுக்கான பிரைம்டைம் எம்மியின் தேடல் பக்கத்தில் அந்தப் பாடகரின் பெயர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வராது. பிரைம்டைம் எம்மியை நடத்துவது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கும் டெலிவிஷன் அகாடமி. பகல்நேர எம்மியை நடத்துவது நியூயார்க்கில் உள்ள நேஷனல் அகாடமி ஆஃப் டெலிவிஷன் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ், சுருக்கமாக நேஷனல் அகாடமி. இரண்டும் வேறு அமைப்புகள், பதிவேடுகளும் வேறு.

முதலில் நேஷனல் அகாடமி வெளியிட்ட அந்த ஆண்டின் வெற்றியாளர் பட்டியலைப் பாருங்கள். பகல்நேர எம்மியிலேயே டேடைம் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் என்று கலை, தொழில்நுட்பப் பிரிவுகளுக்குத் தனி விழாவும் நடந்திருக்கிறது, அதன் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் தேடுங்கள். ஒரு காலண்டர் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு விழா மறு ஆண்டில்தான் நடக்கும்.

பகல்நேர எம்மியின் சிறந்த அசல் பாடல் விருதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாடலை எழுதி இசையமைத்தவர்களுக்கு. நீங்கள் தேடுவது நிகழ்ச்சியில் பாடியவருக்கானது. காலை நிகழ்ச்சிகளில், விடிந்தும் விடியாத நேரத்தில், குரல் முழுதாகத் திறக்கும் முன்பே நேரலையில் பாடுவது பெரிய உழைப்பு. அதற்கென ஒரு பிரிவு இருந்ததே எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை: அந்தப் பிரிவு இப்போது கிடையாது. அதனால் தற்போதைய பிரிவுப் பட்டியலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பழைய ஆண்டுப் பட்டியலே சான்று.