டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் எந்த பிராண்ட் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதியதிலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

லாக்மே டாடா கம்பெனிதானே? அந்த நம்பிக்கையில்தான் இருபது வருஷமாக வாங்குகிறேன். (வாசகி, கும்பகோணம்)

1952-ல் ஆரம்பித்தது டாடாதான். 1998-லேயே இந்துஸ்தான் லீவருக்கு (இப்போது இந்துஸ்தான் யூனிலீவர்) விற்றுவிட்டார்கள். பாண்ட்ஸ், வாஸ்லின், டவ், சன்சில்க், கிளினிக் பிளஸ் எல்லாம் இருக்கிற அதே வீடுதான். நீங்கள் வாங்க ஆரம்பித்தபோதே அது டாடாவிடம் இல்லை.

மேபலினும் லாங்கோமும் லோரியலுக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் 500 ரூபாய் மஸ்காராவும் 3,000 ரூபாய் மஸ்காராவும் ஒன்றுதானே? (வாசகி, கோவை)

ஒன்று என்று நான் எழுதவில்லை. லாங்கோமை லோரியல் வாங்கியது 1964-ல், மேபலினை 1996-ல். கார்னியர், நிக்ஸ், செராவே எல்லாமே அவர்களுடையவை. ஆனால் ஒரே முதலாளி என்பதால் ஒரே சரக்கு ஆகிவிடாது. மஸ்காராவைப் பொறுத்தவரை என் கணக்கு வேறு. திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப் போட வேண்டிய பொருள் அது. கண்ணுக்குப் பக்கத்தில் போகிற பிரஷ், கிருமி சேரும். தூக்கிப் போட மனசு வருகிற விலையில் வாங்குங்கள். ஃபவுண்டேஷன் என்றால் நிறம் பொருந்த வேண்டும், அங்கே கொஞ்சம் கூடச் செலவு செய்யலாம்.

மாமாஎர்த் சன்ஸ்க்ரீன் ஒத்துக்கொள்ளவில்லை, டெர்மா கோ வாங்கினேன், அதுவும் சரியில்லை. இப்போது அக்வாலாஜிகா வாங்கலாமா? (வாசகர், மதுரை)

மூன்றும் ஹொனாசா என்ற ஒரே கம்பெனியுடையவை. டாக்டர் ஷெத்ஸ் பக்கம் போவதாக இருந்தால் அதுவும் அவர்களுடையதுதான். பிராண்ட் மாற்றுவதை நிறுத்துங்கள். முதல் இரண்டு டியூபையும் திருப்பி, இரண்டிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது இல்லாத ஒன்றை வாங்கி, முழங்கை மடிப்பில் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போங்கள்.

நிவியா நீல டப்பாவும் லா மேர் க்ரீமும் ஒரே கம்பெனி, ஒரே க்ரீம், பேர்தான் வேறு என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். நிஜமா? (வாசகி, சென்னை. இதே கேள்வி இன்னும் ஏழெட்டுப் பேரிடமிருந்து)

இல்லை. நிவியா ஜெர்மனியின் பையர்ஸ்டார்ஃப். லா மேர் அமெரிக்காவின் எஸ்டே லாடர். மேக், கிளினீக் (Clinique; கிளினிக் பிளஸ் ஷாம்பு வேறு) இருக்கிற வீடு. பையர்ஸ்டார்ஃபிடம் விலை உயர்ந்த க்ரீம் உண்டு, அதன் பெயர் லா பிரேரி. வீடியோக்காரர் ஒரு நிமிஷம் டப்பாவைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதுதான் உங்களுக்கு உபயோகம். மினரல் ஆயில், கிளிசரின், மெழுகு, லானோலின் ஆல்கஹால் இரண்டிலும் உண்டு. லா மேரில் கடல்பாசிச் சாறு பட்டியலின் முதலிலேயே வருகிறது. அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பதா என்பது உங்கள் பாடு. வறண்ட சருமத்தைப் பூசி மூடி ஈரத்தைக் காக்கும் வேலையை நீல டப்பா நன்றாகவே செய்யும். எண்ணெய் வழிகிற முகத்துக்கு, அதுவும் சென்னை வெயிலில், இரண்டுமே வேண்டாம்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், முன்பக்கத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆலையில் ஒரு லோஷனைக் காலையில் வெள்ளை பாட்டிலில் நிரப்பினோம். மதியம் அதே தொட்டியிலிருந்து தங்க நிற மூடி போட்ட பாட்டிலில் நிரப்பினோம். பரிசோதனை நோட்டில் இரண்டுக்கும் ஒரே பேட்ச் எண்ணை என் கையால் எழுதினேன். கடையில் ஒன்றின் விலை இன்னொன்றைப் போல இரண்டரை மடங்கு. என் அம்மா தங்க மூடியைத்தான் வாங்கி வந்தார்.

அதனால் மறுபடி சொல்கிறேன். 'மார்க்கெட்டட் பை' என்பது விற்பவர், 'மேனுஃபேக்சர்ட் பை' என்பது செய்பவர். இரண்டையும் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவு வரிசைப்படி வரும், அதற்குக் கீழே உள்ளவை எப்படி வேண்டுமானாலும் வரலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் குங்குமப்பூ, கற்றாழை, பாதாம் என்று எது வந்தாலும் அதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கத்தில் குங்குமப்பூப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

மினிமலிஸ்டை இந்துஸ்தான் யூனிலீவர் வாங்கிவிட்டதாமே. இனி தரம் போய்விடுமா? (வாசகர், திருச்சி)

2025-ல் பெரும்பங்கை வாங்கினார்கள். அதனால் மட்டும் சீரம் கெட்டுப்போகாது. கையில் இருக்கிற அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஒப்பிடுங்கள்.

ஷாம்பு பெரிய பாட்டில்தானே லாபம்? (வாசகி, ஈரோடு)

பல ஷாம்புகளில் சாஷேதான் லாபம். விலையை மில்லியால் வகுத்துப் பாருங்கள். பாட்டிலில் மில்லிக்கு என்ன விலை என்று இப்போது அச்சடித்தே இருக்கிறது.

என் முகத்துக்கு எந்த க்ரீம் நல்லது? உடனே பதில் தேவை.

வயது இல்லை, ஊர் இல்லை, சருமம் எப்படி என்று இல்லை, இப்போது என்ன போடுகிறீர்கள் என்றும் இல்லை. நான் என்னவென்று சொல்வது? முழுசாக எழுதுங்கள்.

தோழி ஒரு சிவப்பழகு க்ரீம் கொடுத்தாள். கம்பெனி பேர், விலாசம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் நல்ல மாற்றம். எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்தால் நேரடியாக மலிவாக வாங்கலாமே? (வாசகி, நாகர்கோவில்)

அம்மா, முதலில் அதைத் தடவுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். விலாசமும் உரிம எண்ணும் இல்லாத க்ரீம் ஒரு வாரத்தில் நிறத்தை மாற்றுகிறது என்றால் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் இப்படிப்பட்ட க்ரீம்களால் சிறுநீரக நோய் வந்தவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலில் வீக்கம், சிறுநீரில் நுரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தோழியிடமும் சொல்லுங்கள். டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாமல் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.