மறு: மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு விடாத கைவலி

அக்கா, ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியும் அக்குளிலிருந்து முழங்கை வரை எரிகிறது, தேங்காய் துருவ முடியவில்லை, வீட்டில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் தடவப் போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கும் இது இருக்கிறது. புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று உடனே பதற வேண்டாம். அக்குளில் நெறிக்கட்டி எடுக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் நரம்பு அடிபடுவது சகஜம். மரத்த இடமே எரியும். சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்பு வலிக்கான மருந்து ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கையைத் தூக்கினால் அக்குளில் கயிறு போல இழுக்கிறதா? அப்படியென்றால் பிசியோதெரபி கைகொடுக்கும், நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுங்கள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி மூச்சு விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஆசான்கள் சுளுக்கெடுப்பதில் கெட்டிக்காரர்கள்தான், நம்ம ஊரில் யார் இல்லையென்பார்கள்? ஆனால் இந்தக் கையை எண்ணெய் போட்டு அழுத்தித் தடவ விடாதீர்கள். நெறிக்கட்டி எடுத்த கை அதனால் வீங்கிவிடலாம், வீக்கம் வந்துவிட்டால் இறக்குவது பெரும்பாடு. வளையல் இறுகினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.