உவர்மலைத் தம்பிக்கு, நாலாயிரம் மீற்றர் பற்றி

தம்பி, உங்கள் கேள்வி வந்த நேரம் நான் திருகோணமலையில், திருக்கடலூரில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்தேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: சுவிசுக்கு வந்து எட்டு மாதம், பேர்ணில் ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில் வேலை, அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. வெயில் நாளில் பாலத்தில் நின்றால் தெரிகிற வெள்ளை மலைகளில் ஒன்றிலாவது ஏறவேண்டும் என்று ஆசை. அறையில் இருக்கிற பெடியள் சிரிக்கிறார்கள். வேலையிடத்தில் பழக்கமான ஒருவர் மட்டும், "வா, ரெண்டு பேருமா யுங்ஃபிறாவ் ஏறுவம், முக்கால்வாசித் தூரம் ரயிலே கொண்டுபோய் விடும்" என்கிறார். போகலாமா? ஆள் தேடுவது எப்படி, பாதை போடுவது எப்படி?

அவருடன் யுங்ஃபிறாவுக்குப் போகாதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

சிரிக்கிற பெடியளை விடுங்கள். ஊரின் பெயரிலும் மலை, நீங்கள் பிறந்த இடத்தின் பெயரிலும் மலை, நாங்கள் ஏறியதோ கோணேசர் கோயில் மட்டும். சிரிக்க நியாயம் இருக்கு. ஆனால் கடற்கரையில் பிறந்தது ஒரு குறையே இல்லை. பேர்ண் இருப்பது 540 மீற்றரில். அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கும் உங்களுக்கும் 4000 மீற்றரில் மூச்சு ஒரே மாதிரித்தான் வாங்கும். காற்றழுத்தம் அங்கே கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 வீதம்தான்.

எனக்கு இது விளங்கியது அல்லலின்ஹோர்னில். 4027 மீற்றர், "லேசான நாலாயிரம்" என்று எல்லோரும் சொல்வார்கள். சாஸ்ஃபேயில் இருந்து சுரங்க ரயில் ஏறக்குறைய மூன்றரை ஆயிரம் மீற்றரில் கொண்டுபோய் விடும். ஒரு கடை விளம்பரப் பலகையில் நம்பர் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவரோடு போனேன். ஆள் கெட்டிக்காரர், சாமான் எல்லாம் புதுசு. காலையில் பேர்ணில் கோப்பி குடித்த நான் மத்தியானத்துக்கு முதலே ஃபேயொக் என்ற கணவாயில், 3826 மீற்றரில் நிற்கிறேன். தலை இடிக்குது, சத்தி வருது. அவர் திரும்பிப் பார்த்து "சரியா?" என்றார். "ஓம், ஓம், பரவாயில்லை" என்றேன். அந்த ஒரு "பரவாயில்லை"யால் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினோம். உச்சிக்குப் போய் இறங்கும்போது வெயிலில் பனி களியாகிவிட்டது. பனியாற்றில் ஒரு வெடிப்பின் மேல் மூடியிருந்த பனி உடைந்து, இடுப்பு மட்டும் உள்ளே போனேன். கீழே கால் எதிலும் முட்டவில்லை. ஒரே கயிற்றில் கட்டியிருந்தது நாங்கள் இரண்டே பேர். அவர் குப்புற விழுந்து பனிக்கோடரியைக் குத்திப் பிடித்தபடியால் இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன்.

பிழை அவருடையதில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்பட்டது நான். எங்கள் வளர்ப்பு அது. வீட்டுக்குப் போனால் பசிக்குது என்று சொல்லமாட்டோம், பெரியவர் நடந்தால் களைக்குது என்று சொல்லமாட்டோம். என் சித்தப்பா இந்தத் திருக்கடலூரில்தான் கடற்தொழில் செய்தவர். அவருடைய போட்டில் ஒரு சட்டம் இருந்தது: ஏறினவனில் எவன் "திரும்புவம்" என்றாலும், பதினாறு வயதுப் பெடியன் சொன்னாலும், ஏன் என்று கேளாமல் திருப்புவார். கேள்வியெல்லாம் கரையில் வந்து. அப்படிப்பட்ட ஆளைத்தான் கயிற்றில் கட்டவேண்டும், நீங்களும் அப்படிப்பட்ட ஆளாக இருக்கவேண்டும். வேகம், சாமான், எத்தனை சிகரம் ஏறினவர் என்பதெல்லாம் பிறகு.

அவசரத்தில் சேர்ந்த கூட்டத்துக்கு என்ன நடக்கும் என்று பார்க்க செர்மாற் அருங்காட்சியகத்தில் ஒரு கயிற்றுத்துண்டு வைத்திருக்கிறார்கள். 1865 யூலை 14இல் மாற்றர்ஹோர்னில் (4478 மீற்றர்) முதன்முதலாக ஏறிய ஏழு பேரும் ஒரே குழுவாக வந்தவர்கள் இல்லை. விம்பர், ஹட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயரின் ஆட்களும் புறப்படுவதற்கு முதல்நாள் செர்மாற்றில் சந்தித்து ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அதில் ஹாடோ என்ற 19 வயதுப் பையனுக்கு அனுபவம் போதாது. இறங்கும்போது அவன் சறுக்க, கயிற்றில் இருந்தவர்களில் இன்னும் மூன்று பேர் அவனோடு சேர்ந்து போனார்கள். கயிறு அறுந்தபடியால் மேலே மூன்று பேர் மிஞ்சினார்கள்.

யுங்ஃபிறாவ் விஷயமும் இதுதான். யுங்ஃபிறாவ்யொக் ஸ்ரேசன் 3454 மீற்றரில், சிகரம் 4158. கணக்கில் 700 மீற்றர்தானே என்று தோன்றும். நடுவில் றொட்டால்சாற்றல் என்ற கணவாயைக் கடக்கும் சரிவு செங்குத்து, கீழே பள்ளம். 2007 யூலை 12இல், நல்ல கோடையில், புதுப்பனி சரிந்து அந்த இடத்துக்கு அருகில் இராணுவத்தில் இருந்த ஆறு இளைஞர்கள் செத்தார்கள். ரயில் கிட்டக் கொண்டுபோய் விட்டால் மலை சின்னதாகாது.

இனி ஆள் தேடும் வழி. எஸ்.ஏ.சி என்கிற சுவிஸ் அல்பைன் கழகத்தில் சேருங்கள். 1863இல் ஒல்டனில் தொடங்கியது, 150க்கு மேல் மலைக்குடில்கள் வைத்திருக்கிறது. (1907இல் இருந்து 1980 வரைக்கும் பெண்களைச் சேர்க்காத கழகம். இப்போது என்னிடம் வருடாவருடம் சந்தா வாங்குகிறது, பிடிவாதத்துக்கே கட்டுகிறேன்.) ஒவ்வொரு ஊர்ப் பிரிவும் வருடம் முழுக்கப் பயண அட்டவணை போடும். எவ்வளவு கஷ்டம், எவ்வளவு உடற்பலம் தேவை, எத்தனை பேர், நடத்துபவர் யார் எல்லாம் அதில் இருக்கும். கஷ்டத்தை ஜெர்மன் எழுத்தில் போடுவார்கள்: எல் என்றால் லேசு, வே.எஸ் என்றால் கொஞ்சம் கஷ்டம், செற்.எஸ் என்றால் நல்ல கஷ்டம். முதல் வருடம் எல் தரத்தைத் தாண்டவேண்டாம்.

முதலில் வசந்தகாலத்தில் பனியாற்றுப் பயிற்சி எடுங்கள். கயிறு கட்டுவது, வெடிப்பில் விழுந்தவரைக் கப்பி மாதிரிக் கயிறு மடித்து இழுப்பது எல்லாம் காட்டித் தருவார்கள். பனியாற்றில் மூன்று நாலு பேர் ஒரு கயிற்றில் போவதுதான் நல்லது. இரண்டு பேர் என்றால் விழுந்தவரை மற்றவர் தனியே இழுக்கவேண்டும், கேட்கச் சுகம்.

குசினி வேலைக்காரருக்கு ஒரு இரகசியம். சனி ஞாயிறு உங்களுக்கு லீவு கிடைக்காது. கழகங்களில் பென்சன்காரர் குழு இருக்கும், அவர்கள் போவது கிழமை நாட்களில். நான் திங்கள் செவ்வாய் லீவில் மூன்று வருடம் எழுபது வயதுக் கிழவர்களோடுதான் நடந்தேன். அவசரப்படமாட்டார்கள், காலநிலை பிழைத்தால் வெட்கமில்லாமல் திரும்பிவிடுவார்கள், சீஸ் தருவார்கள். சுவிஸ் ஜெர்மனும் அவர்களிடம்தான் பிடித்தேன். இன்னொன்று, மேலே போனால் எல்லோரும் "டு" (நீ) தான், "ஸீ" (நீங்கள்) கிடையாது. டாக்குத்தரும் நீ, நீங்களும் நீ. எனக்கு நாக்கு வர ஒரு வருடம் பிடித்தது. கயிற்றில் தேவையான சொல் கொஞ்சம்தான்: "ஹால்ட்" என்றால் நில், "ட்சூக்" என்றால் கயிற்றை இறுக்கு, "ஸ்டைன்" என்று கேட்டால் அண்ணாந்து பார்க்காதீர்கள், கல் வருகிறது.

பாதைக்கு பிஸ்ஹோர்னை எடுப்போம், 4153 மீற்றர். சியர் ஸ்ரேசனில் இறங்கி பஸ்ஸில் சினால் கிராமம். சினால் 1675 மீற்றரில், இரவு தங்குகிற துறாக்குவி குடில் 3256இல். சுவிஸ்ரோப்போ செயலியை இறக்குங்கள், காசில்லை, 1:25,000 வரைபடம் இருக்கும். அதில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டும் அடுக்கைத் திறந்து, உங்கள் கோடு எங்கே நிறத்துக்குள் போகிறது என்று பாருங்கள். நேரக் கணக்கை நான் இப்படிப் போடுவேன்: ஏற்றம் மணிக்கு 300 மீற்றர், தட்டை நடை மணிக்கு 4 கிலோமீற்றர். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதோடு சின்னதில் பாதியைக் கூட்டுங்கள். முதல்நாள் 1580 மீற்றர் ஏற்றம், அதுவே ஐந்தே கால் மணித்தியாலம். தூரம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம், அதில் பாதி ஒன்று. ஆறே கால், சாப்பாட்டு நேரம் சேர்க்காமல். குடிலில் இரவுச் சாப்பாடு ஆறரை மட்டில், பிந்தினால் மரியாதையில்லை. அடுத்தநாள் 900 மீற்றர் ஏறி, சினால் மட்டும் 2480 மீற்றர் இறங்கவேண்டும். உங்களிடம் கார் இல்லை. எனவே கடைசி பஸ்ஸில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள், எத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம் என்பது அதிலேயே வந்துவிடும்.

பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பவேண்டாம். சுவிஸ் பனியாறுகள் 2022இல் மட்டும் 6 வீதமும் 2023இல் 4 வீதமும் கரைந்தன. படத்தில் பனி இருக்கும் இடத்தில் இன்றைக்குக் கல்லும் சேறும் இருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் குடில்காரருக்கு ரெலிபோன் எடுத்து, வெடிப்புகள் எப்படி, இரவில் பனி இறுகுகிறதா என்று கேளுங்கள். அரைகுறை ஜெர்மனில் கேட்டாலும் பதில் சொல்வார். காலநிலையில் ஃபூன் என்றிருந்தால் யோசியுங்கள். எங்கள் கச்சான் காற்றுக்கு அது தமையன்: மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிற காற்று. இங்கே வியர்க்க வைக்கும், அங்கே பனியை இறுகவிடாது. வானமோ கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், அதில்தான் ஏமாறுவது.

கேஸ் முடியாதவருக்குத் தனியாக ஒன்று. பிறைற்ஹோர்ன் மாதிரிச் சிகரங்களில் இத்தாலி எல்லை உச்சியிலேயே ஓடுகிறது. 4554 மீற்றரில் இருக்கிற மார்கரித்தா குடில் முழுக்க இத்தாலிக்குள். காலநிலை பிழைத்து அந்தப் பக்கம் இறங்கவேண்டி வந்தால் உங்கள் கையில் இருக்கிற அட்டையோடு சிக்கல். இப்போதைக்கு இரண்டு பக்கமும் சுவிசாக இருக்கிற மலை எடுங்கள். பிஸ்ஹோர்ன் அப்படித்தான். சம்பளத் துண்டையும் பாருங்கள்: ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை என்றால் லீவுநாள் விபத்துக்கும் காப்புறுதி இருக்கும். குறைந்தால் மெடிக்கல் காப்புறுதியில் விபத்தைச் சேர்க்கவேண்டும். மீட்பு ஹெலிக்கொப்ரர் ரேகாவின் நம்பர் 1414, மனப்பாடம் செய்யுங்கள்.

சப்பாத்து மட்டும் சொந்தமாக வாங்குங்கள். அடியில் பூட்டுகிற இரும்புப் பல்லு, கோடரி, இடுப்புப் பட்டி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடவேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அம்மாவிடம் இல்லை. என் அம்மா இன்று வரைக்கும் நான் "படிக்கட்டு ஏறப்போறன்" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா, பக்கத்தில் இருந்து பயிற்றங்காய் முறிக்கிறா.

செப்ரெம்பர் பத்தாம் திகதி திரும்பி வருவேன். உங்கள் குசினி நண்பரையும் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை மூலனன் ஸ்ரேசனுக்கு வாருங்கள், நீசனுக்கு நடப்போம். 2362 மீற்றர், பனியில்லை, கயிறில்லை, ஆனால் ஏற்றம் ஏறத்தாழ 1670 மீற்றர். துறாக்குவி முதல்நாளைவிடக் கொஞ்சம் கூட. பாதியில் களைத்தால் யார் வாயைத் திறந்து சொல்கிறார், யார் மறைக்கிறார் என்று அங்கே பார்த்துவிடலாம். இறக்கத்துக்கு இழுவை ரயில் இருக்கு. பிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டு வாங்கோ, எனக்குச் சீனி குறைவு.