ஓட்டோ ஹானுக்குச் சேவல் படம் போடலாமா?

பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பறவையின் பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்ட விஞ்ஞானிகள் என்று கண்காட்சிக்கு ஒரு பலகை தயாரிக்கிறோம். ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹான் பெயரில் உள்ள 'ஹான்' ஜெர்மனில் சேவலைக் குறிக்கும் என்று ஒரு மாணவி தேடிக் கண்டுபிடித்து வந்தாள். அவர் படத்துக்குப் பக்கத்தில் சேவல் படம் போடலாமா? ஹான்-பனாக் தேற்றம் இவருடையதுதானா? ஹோமியோபதி ஹானிமனும் இதே குடும்பமா? தமிழில் ஹான் என்று எழுதுவதா, ஹாஹ்ன் என்றா?"

சேவல் படம் தாராளமாகப் போடுங்கள். மாணவி சொன்னது சரிதான், ஜெர்மனில் ஹான் என்றால் சேவல். ஆனால் படத்துக்குக் கீழே "இவருடைய முன்னோர் சேவல் வளர்த்தவர்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு சொல்லுக்கு இன்றைக்கு என்ன பொருள் என்பது ஒரு கேள்வி, அந்தச் சொல் ஒரு குடும்பத்துக்கு எப்படிப் பெயராக வந்து ஒட்டிக்கொண்டது என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் பெயர்களைப் பற்றிய பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஜெர்மன் பெயர்களைத் தமிழில் எழுதித் தரும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். பறவைப் பெயர்களில் ஹான் அளவுக்கு நின்று யோசிக்க வைக்கும் பெயர் எனக்குக் குறைவாகவே வாய்த்திருக்கிறது.

முதலில் எழுத்து விஷயத்தை முடித்துவிடுவோம். ஹான் என்றே எழுதுங்கள். ஜெர்மன் எழுத்தில் நடுவே இன்னொரு 'ஹெச்' இருக்கிறது, அதற்கு ஒலி கிடையாது. முன்னால் வரும் உயிரை நீட்டி உச்சரி என்று சொல்வதற்காக மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நமக்குத்தான் 'ஹா' என்று நெடிலுக்குத் தனி வடிவம் இருக்கிறதே, அந்த வேலையை அதுவே செய்துவிடும். ஹாஹ்ன் என்று எழுதினால் குழந்தைகள் இல்லாத ஒரு ஒலியை நாக்கை மடக்கித் தேடுவார்கள்.

இனி பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம். ஜெர்மன் பேசும் பகுதிகளில் குடும்பப்பெயர்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது ஏறக்குறைய 12-ஆம் நூற்றாண்டிலிருந்து, நகரங்களில் முதலில், கிராமங்களில் மெதுவாக. அப்போது ஹான் என்ற பெயர் ஒரே வழியில் வரவில்லை. ஒன்று, பட்டப்பெயர்: நெஞ்சை நிமிர்த்தி நடப்பவன், சட்டென்று சண்டைக்குப் போகிறவன், இப்படி ஒருவனைச் சேவல் என்று ஊரார் கூப்பிட ஆரம்பித்து அது பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. நிலவரியாகச் சேவலும் கோழியும் கொடுக்கக் கடமைப்பட்ட குடியானவனுக்கு அந்தப் பெயர் வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அப்புறம் வீட்டுப் பெயர். வீடுகளுக்கு எண் போடும் வழக்கம் பரவலானது 18-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் நகரத்து வீடுகளுக்கும் சத்திரங்களுக்கும் சேவல், கழுகு, சிங்கம் என்று அடையாளம் வைத்திருந்தார்கள். சேவல் அடையாளம் உள்ள வீட்டில் இருந்தவர் சேவல்வீட்டுக்காரர் ஆனார். ஃபிராங்க்ஃபர்ட் யூதர் தெருவில் இப்படி வீட்டு அடையாளங்களே குடும்பப்பெயர்களாகியிருக்கின்றன. உலகம் அறிந்த உதாரணம் ரோத்ஷில்ட், அதன் பொருள் 'சிவப்புக் கேடயம்', அந்த வீட்டு அடையாளத்திலிருந்து வந்தது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் சேவல் இருக்கிறது. இனிமேல் வருவதில் சேவலே இல்லை, உங்கள் பலகைக்கு ஆபத்து இங்கேதான். பைபிளில் நாம் யோவான் என்று படிக்கிறோமே, அந்தப் பெயர் ஜெர்மனில் யோஹானஸ், சுருங்கி யோஹான், இன்னும் சுருங்கிச் சில வட்டாரங்களில் வெறும் ஹான். ஆகவே ஒரு ஹான் குடும்பத்தின் முதல் ஆள் சேவலும் இல்லை, கோழியும் இல்லை, யோவானாகவே இருக்கலாம். நான்காவதாக ஊர்ப்பெயர். ஹாகன் என்ற பழைய சொல் முள்வேலி கட்டிய தோப்பைக் குறிக்கும், அது தேய்ந்து பல ஊர்களின் பெயரில் ஹான் என்று நிற்கிறது. அந்த ஊர்க்காரர் வேறிடம் போனால் அவரும் ஹான். ஜெர்மனிக்குப் போனவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்ற விமான நிலையத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி ஹுன்ஸ்ரூக் மலைப் பகுதியில் இருக்கிறது. அதற்கும் விஞ்ஞானி ஹானுக்கும் சம்பந்தமே இல்லை, பக்கத்துக் கிராமத்தின் பெயர் ஹான், அவ்வளவுதான். அவர் நினைவாக வைத்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு.

மாணவி இணையத்தில் மொழிபெயர்த்துப் பார்த்தால் ஹான் என்பதற்குத் தண்ணீர்க் குழாய் என்றும் வரும், பயப்பட வேண்டாம், குழாயின் திருகுக்கும் ஜெர்மனில் அதே சொல்தான்.

சரி, ஓட்டோ ஹான். 1879 மார்ச் 8-ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார், அப்பா கண்ணாடித் தொழில் செய்து நன்றாக முன்னுக்கு வந்தவர். லண்டனில் வேதியியலாளர் ராம்சேயிடமும் மான்ட்ரியாலில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டிடமும் வேலை கற்றுக்கொண்டு பெர்லினுக்குத் திரும்பினார், அங்கே 1907-இல் வியன்னாவிலிருந்து வந்த இயற்பியலாளர் லீஸ மைட்னரோடு சேர்ந்தார், இருவரும் முப்பது வருடம் சேர்ந்து உழைத்தார்கள். மைட்னர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1938 ஜூலையில் ஜெர்மனியை விட்டுத் தப்பியோட வேண்டிவந்தது. அந்த டிசம்பரில் ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது அதில் பேரியம் கிடைத்தது. யுரேனியத்தில் ஏறக்குறைய பாதி எடையுள்ள ஒரு தனிமம் எப்படி வந்தது என்று ஹானுக்குப் புரியவில்லை, ஸ்வீடனில் இருந்த மைட்னருக்குக் கடிதம் எழுதினார். மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் அணுக்கரு பிளந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு விளக்கினார்கள். 1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் கிடைத்தது. அதை அறிவித்தது 1945 நவம்பரில், அப்போது அவர் மற்ற ஜெர்மன் விஞ்ஞானிகளோடு இங்கிலாந்தில் காவலில் இருந்தார். மைட்னருக்குப் பரிசு இல்லாமல் போனது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து, உங்கள் மாணவர்களிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சேவலுக்கும் இந்த இருவருக்கும் நடுவே ஒரு கதை உண்டு. மைட்னர் அவரை 'ஹென்ஷென்' என்று கூப்பிடுவாராம், சின்னச் சேவல் என்று அர்த்தம், இன்றைக்கு ஜெர்மன் உணவகப் பட்டியலில் கோழிக்கறிக்கும் அதே சொல். இயற்பியல் விவாதம் முற்றும்போது, உனக்கு இது புரியாது ஹென்ஷென், நீ மாடிக்குப் போ என்று செல்லமாக விரட்டுவாராம். குடும்பத்தின் வேர் எதுவாக இருந்தாலும் பெயரைக் கேட்கும் ஜெர்மன்காரர் காதில் சேவல் கூவத்தான் செய்கிறது, அதனால்தான் படம் போடலாம் என்றேன்.

தனிம அட்டவணைக்குப் பக்கத்தில் இந்தப் பலகை வரப்போகிறது என்றால் இன்னொன்றும் சொல்லவேண்டும். 105-ஆம் தனிமத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் ஹானியம் என்று பல வருடம் அழைத்தார்கள், பழைய சுவர் அட்டவணைகளில் அப்படியே அச்சாகியும் இருக்கும். 1997-இல் உலக வேதியியல் அமைப்பு அதற்கு டப்னியம் என்ற பெயரை உறுதி செய்தது. அதே ஆண்டு 109-ஆம் தனிமத்துக்கு மைட்னீரியம் என்ற பெயர் உறுதியானது. ஆக அட்டவணையில் ஹான் இல்லை, மைட்னர் இருக்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்வி, ஹான்-பனாக் தேற்றம். அந்த ஹான் வேறு ஆள், வியன்னாவைச் சேர்ந்த கணிதவியலாளர் ஹான்ஸ் ஹான். குழப்பம் வருவதற்கு நல்ல காரணம் இருக்கிறது, அவரும் பிறந்தது அதே 1879, செப்டம்பரில். தேற்றத்தை அவர் 1927-இலும் போலந்தின் ஸ்டெஃபான் பனாக் 1929-இலும் தனித்தனியாக வெளியிட்டார்கள். ஹான்ஸ் ஹான் வியன்னா வட்டம் என்று அழைக்கப்பட்ட தத்துவக் குழுவின் தூண்களில் ஒருவர், தர்க்கவியலாளர் குர்ட் கோடெலுக்கு முனைவர் பட்ட நெறியாளர், 1934-இல் காலமானார். அவருடைய தங்கை ஓல்கா பார்வை இழந்த பிறகும் தர்க்கவியலில் ஆய்வு செய்தவர், அவரைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

ஹானிமன் விஷயம் கொஞ்சம் வேறு. சாமுவேல் ஹானிமன் 1755 ஏப்ரல் 10-இல் மைஸன் என்ற ஊரில் பிறந்தவர், 1843-இல் பாரிஸில் இறந்தார். நம் ஊர் ஹோமியோபதிக் கடைகளில் படம் மாட்டியிருப்பார்களே, அவர்தான். அவர் பெயர் ஹான் என்பதோடு 'மனிதர்' என்ற சொல் சேர்ந்தது. அந்த ஹான் சேவலாகவும் இருக்கலாம், யோஹான் என்பதன் செல்லச் சுருக்கமாகவும் இருக்கலாம். உறவு தேட வேண்டாம், தனிப் பெயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரத்தைப் பார்க்க மாணவர்களைக் கூட்டிப்போயிருப்பீர்கள். சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் பிறந்தபோது அவர் பெயர் ஹெலனா ஃபான் ஹான். 1831-இல், இன்றைய உக்ரைனில் உள்ள நிப்ரோ நகரில் பிறந்தார், அப்பா ரஷ்யப் படையில் அதிகாரி, ஜெர்மானிய வம்சாவளி. பிளவாட்ஸ்கி என்பது கணவர் வழி வந்த பெயர். 1882-இல் சபையின் தலைமையிடம் அடையாறுக்கு வந்தது. 'ஃபான்' என்று முன்னால் வருவது பிரபுக் குடும்பத்து அடையாளம். வட ஜெர்மனியின் மெக்லன்புர்க் பகுதியில் ஃபான் ஹான் என்ற பழைய பிரபுக் குடும்பம் ஒன்று உண்டு, அவர்களுடைய குலச்சின்னமே வெள்ளிக் கேடயத்தில் ஒரு சிவப்புச் சேவல். அந்தக் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியை ஈடா, 1805 முதல் 1880 வரை வாழ்ந்தவர், தன் உறவினரான இன்னொரு ஹானையே மணந்துகொண்டு ஈடா ஹான்-ஹான் என்று ஆனார். தமிழில் சொன்னால் சேவல்-சேவல்!

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிப் மத்தேயஸ் ஹான் 18-ஆம் நூற்றாண்டில் வூர்ட்டம்பர்க்கில் பாதிரியாராக இருந்துகொண்டே கணக்கிடும் இயந்திரம் செய்தவர், உங்கள் பலகைக்கு அருமையாகப் பொருந்துவார். கல்வியாளர் குர்ட் ஹான், பெர்லினில் பிறந்த யூதர், ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் கைதானார், பிறகு பிரிட்டன் போய் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை 1934-இல் தொடங்கினார், இளவரசர் ஃபிலிப் அங்கே படித்தார். இசையமைப்பாளர் ரேனால்டோ ஹான் வெனிசுவேலாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர், பிரெஞ்சுக்காரர்கள் முதல் ஒலியையும் விட்டுவிட்டு 'ஆன்' என்பார்கள். லிங்கின் பார்க் இசைக்குழுவின் ஜோ ஹானை மாணவர்கள் கேட்டால் சேவல் இல்லை என்று சொல்லுங்கள், அவருடையது கொரியக் குடும்பப்பெயர், ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து ஒன்றாக வந்துவிட்டது.

ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வேரை உண்மையிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்றால், அவர்களுடைய பூர்வீக ஊர் எது என்று முதலில் பார்க்கவேண்டும். தேவாலயப் பதிவேடுகளில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று பின்னோக்கிப் போகலாம், அரசுப் பதிவு நாடு முழுவதும் வந்தது 1876-இல்தான். பக்கத்தில் ஹான் என்ற ஊர் இருக்கிறதா, பழைய ஏட்டில் யோஹான் என்று மாற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் விடை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். மைன்ஸ் நகர அறிவியல் அகாடமி நடத்தும் இணையக் குடும்பப்பெயர் அகராதியில் எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் அதிகம் என்று வரைபடமே இருக்கிறது.

பலகைக்கு வேறு பறவைகள் வேண்டுமென்றால், உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர், ஆட்லர் என்றால் கழுகு. வானியலாளர் ஹெர்மன் கார்ல் ஃபோகல், ஃபோகல் என்றால் பொதுவாகப் பறவை. ஸ்ட்ராஸ் என்ற பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நெருப்புக்கோழி, பூங்கொத்து, சண்டை என்று மூன்று பொருள் அந்தச் சொல்லுக்கு.

படத்துக்குக் கீழே இப்படி எழுதலாம்: "ஓட்டோ ஹான், 1879–1968. ஹான் என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சேவல் என்று பொருள். யோஹான் என்ற பெயரின் சுருக்கமாகவும், ஊர்ப்பெயராகவும்கூட இது குடும்பப்பெயராகியிருக்கிறது." பக்கத்திலேயே அதே அளவில் லீஸ மைட்னர் படத்துக்கு இடம் விடுங்கள். அவர் பெயரில் பறவை இல்லை, இருந்தாலும் அந்த இடம் அவருக்குரியது.