வெயிட்லிஸ்ட்டை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. பதினொரு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ‘அன்டிக்ளேர்டு’ என்று, பாடப்பிரிவு இல்லாமல். ஆண்டுக்கு 33,000 டாலர் ஆகும். ஒரு தனியார் கல்லூரி 30,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப்புடன் கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே இடம் தந்திருக்கிறது. அவள் மிகவும் ஆசைப்பட்ட கல்லூரி வெயிட்லிஸ்ட்டில் வைத்துவிட்டது. இன்னும் மூன்று இடங்களிலிருந்து பதில் வரவில்லை. பொழுது விடிந்தால் போர்ட்டலும் கையுமாக இருக்கிறாள். கணவரோ பெயர் பெற்ற கல்லூரிக்காகக் காத்திருக்கலாம் என்கிறார். ஊரிலிருந்து தினம் ஒருவர் ஃபோனில் விசாரிக்கிறார்கள். மே 1க்குள் எப்படி முடிவெடுப்பது?

பதில்: வெயிட்லிஸ்ட்டிலிருந்தே தொடங்குவோம். உங்கள் வீட்டு முடிவு முழுக்க அதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

‘பாதி கிடைத்த மாதிரிதான்’ என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுமதி கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பது கல்லூரிக்கு முன்கூட்டித் தெரியாது. பழைய கணக்கை வைத்து, இருக்கும் இடங்களைவிட அதிகம் பேருக்கு அனுமதி அனுப்புவார்கள். மே 1 அன்று முன்பணம் கட்டியவர்களை எண்ணிப் பார்த்து, குறைந்தால்தான் வெயிட்லிஸ்ட்டைத் திறப்பார்கள். அப்போதும் வரிசைப்படி கூப்பிடுவதில்லை; பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பட்டியலுக்கு வரிசையே கிடையாது. எந்தப் பிரிவில் ஆள் குறைகிறதோ அங்கேதான் எடுப்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆள் குறைவது அபூர்வம். இதை மகளிடம் சொல்லிவிடுங்கள். அவள் மார்க்கில் என்ன குறை, கட்டுரையில் என்ன தப்பு என்று தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வாய்ப்பு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் இந்த ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி2 என்ற பகுதியில் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை பேரை வெயிட்லிஸ்ட்டில் வைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள். மூன்றாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒரு வருடக் கணக்கோடு நின்றுவிடாமல் நான்கு வருட ஆவணங்களைப் பாருங்கள். ஓர் ஆண்டு நூற்றுக்கணக்கில் எடுத்த கல்லூரி மறு ஆண்டு ஒருவரைக்கூட எடுக்காமல் விடுவதுண்டு.

அப்படியும் முயன்று பார்க்க ஆசைப்பட்டால் பார்க்கட்டும், தவறில்லை. பல கல்லூரிகளில் வெயிட்லிஸ்ட்டில் தானாக இடம் பிடித்து வைக்கமாட்டார்கள். போர்ட்டலில் போய் ‘காத்திருக்கிறேன்’ என்று சம்மதம் தெரிவிக்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. பிறகு ஒரு கடிதம். இதை உங்கள் மகள்தான் எழுத வேண்டும், அப்பா அல்ல. ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. விண்ணப்பத்துக்குப் பிறகு என்ன புதிதாக நடந்தது என்பதுதான் அதன் உயிர்: அரையாண்டு கிரேடுகள், முடித்த ப்ராஜெக்ட், கிடைத்த பரிசு. அந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்காக, எந்த ஆய்வகத்துக்காக வர நினைக்கிறாள் என்று இரண்டு வரி. ‘இடம் கிடைத்தால் நிச்சயம் சேர்வேன்’ என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதலாம். வேறு எங்கெல்லாம் கிடைத்தது என்ற பட்டியலும் வருத்தமும் வேண்டாம். ‘கூடுதலாக எதுவும் அனுப்பாதீர்கள்’ என்று கல்லூரி சொல்லியிருந்தால் அனுப்பவே கூடாது. மீறி அனுப்பினால் ஆர்வமாகத் தெரியாது, சொன்னதைக் கேட்காத பிள்ளை என்றுதான் தெரியும்.

வெயிட்லிஸ்ட் அழைப்புகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வரும். பதில் சொல்லச் சில நாட்கள்தான் தருவார்கள். நிதி உதவிக்கான பணமும் அதற்குள் பெரும்பகுதி கரைந்திருக்கும். எனவே ‘இவ்வளவுக்கு மேல் என்றால் வேண்டாம்’ என்ற தொகையை இப்போதே மூவரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். ஜூன் மாத இரவொன்றில் அழைப்பு வந்த பரபரப்பில் அந்தக் கணக்கைப் போட முடியாது. எப்படியானாலும் மே 1க்குள் கையில் இருக்கும் கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்டியாக வேண்டும். பிறகு வெயிட்லிஸ்ட்டில் கிடைத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். ஒரு கல்லூரியில் கட்டிவிட்டு இன்னொன்றின் வெயிட்லிஸ்ட்டில் இருப்பது முறையானது. இரண்டு கல்லூரிகளில் முன்பணம் கட்டி இரண்டையும் பிடித்து வைப்பது முறையல்ல. தெரியவந்தால் இரண்டு இடமும் பறிபோகலாம்.

பாக்கி மூன்று பதில்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வந்துவிடும். பல கல்லூரிகள் தேதியையும் நேரத்தையும் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றன. அதைக் காலண்டரில் குறித்துவிட்டால், மற்ற நாட்களில் போர்ட்டலைத் திறக்க அவசியமே இல்லை. திறக்கும்போது வீடே சுற்றி நிற்க வேண்டுமா, தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாளா என்பதை அவளிடமே கேளுங்கள். ஊர் உறவுகளுக்கு ‘மே மாதம் நாங்களே சொல்கிறோம்’ என்ற ஒரே பதில் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பள்ளிக் கிரேடுகள். இடம் கிடைத்தது என்பது கடைசி மதிப்பெண் பட்டியல் போய்ச் சேரும்வரை நிபந்தனையோடுதான். ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கினால் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். டி, எஃப் என்று விழுந்தாலோ, விண்ணப்பத்தில் காட்டிய ஒரு பாடத்தைச் சொல்லாமல் கைவிட்டாலோ அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு.

இப்போது பணம். கல்லூரி அனுப்பும் நிதி உதவிக் கடிதத்தை அப்படியே நம்பக்கூடாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022இல் இந்தக் கடிதங்களை ஆராய்ந்தது. சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் நிகரச் செலவைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டின என்பதுதான் கண்டது. அது நடப்பது இப்படி. ஒரு தனியார் கல்லூரியின் மொத்தச் செலவு 86,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் ‘உதவி’ என்ற தலைப்பில் ஸ்காலர்ஷிப் 30,000, மத்திய அரசுக் கடன் 5,500, ஒர்க்-ஸ்டடி 2,500 என்று மூன்றையும் கூட்டி, ‘நீங்கள் செலுத்த வேண்டியது 48,000’ என்று போட்டிருப்பார்கள். கடன் உதவியல்ல, உங்கள் மகள் வட்டியோடு திருப்பித் தர வேண்டியது. ஒர்க்-ஸ்டடி அவள் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆக உண்மையான செலவு 56,000.

அதை நான்கால் பெருக்கினாலும் தப்பு. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே 30,000தான் நிற்கும். 4 சதவீத உயர்வு என்று எடுத்துக்கொண்டால் உங்கள் பங்கு 56,000, 59,440, 63,018, 66,738 என்று போய், நான்கு ஆண்டில் ஏறத்தாழ 2 லட்சத்து 45 ஆயிரம் டாலர் ஆகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் 33,000 அதே வேகத்தில் ஏறினாலும் மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம்தான். வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் மேல். உங்களுக்கு வந்த கடிதத்தின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி கிரேடு) வேண்டும், ஒரு செமஸ்டர் தவறினால் மறுவாய்ப்பு உண்டா, எட்டு செமஸ்டருக்கும் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வித்தியாசத்தைக் கடனில் சமாளிக்கலாம் என்று கணவர் நினைத்தால்: மாணவியின் பெயரில் மத்திய அரசுக் கடன் முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளும் 7,500 என மொத்தம் 27,000 டாலர்தான் கிடைக்கும். பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் தனியார் கடன்தான், பெரும்பாலும் உங்கள் கையெழுத்தோடு.

தனியார் கல்லூரியிடம் மறுபரிசீலனை கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலை போனது, பெரிய மருத்துவச் செலவு, வருமான வரிக் கணக்கில் ஒரே ஒரு வருடம் மட்டும் வந்த போனஸ் ஆகியவற்றுக்கு ஆதாரம் இணைத்து நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதலாம். மத்திய அரசின் உதவிக்கு நிரப்பும் ஃபாஃப்சா படிவம் ஈராண்டுக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கிறது. இன்றைய நிலையை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். சம தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். ‘பேரம்’ என்ற தொனி மட்டும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பணமல்ல, ‘அன்டிக்ளேர்டு’ என்ற ஒற்றைச் சொல். பல பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் வரலாறோ உயிரியலோ எடுத்தவர் எளிதாகப் பிரிவு மாறலாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் மட்டும் எளிதில் நுழைய முடியாது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவின் பெரும்பாலான இடங்களை முதலாண்டிலேயே நேரடியாக நிரப்பிவிடுகிறார்கள். உள்ளே வந்த பிறகு மாறுவது மிகக் கடினம். உங்கள் மாநிலத்தில் எப்படி என்பதைத் துறையின் மாணவர் ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், சேர்க்கை அலுவலகத்துக்கு அல்ல. ‘மாறலாமா?’ என்று கேட்டால் ‘முயலலாம்’ என்றுதான் பதில் வரும். கடந்த ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கிடைத்தவர்களின் ஜி.பி.ஏ. என்ன என்று கேளுங்கள். முதலாண்டு ப்ரோகிராமிங் வகுப்புகளில் வெளிப் பிரிவு மாணவருக்கு இடம் ஒதுக்குகிறார்களா, அல்லது துறை மாணவர் எடுத்தது போக மிச்சம்தானா என்பதும் முக்கியம். அந்த வகுப்பு கிடைக்காமல் ஒரு வருடம் தள்ளிப்போனால் ஐந்தாவது வருடச் செலவு சேர்ந்துவிடும். புள்ளியியல், டேட்டா சயின்ஸ், கணிதத்தோடு கம்ப்யூட்டிங் போன்ற பக்கத்துப் பிரிவுகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்தப் பதில்கள் சாதகமாக வந்தால் என் ஓட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு. நூறு பேர் கேட்டு ஐந்து பேருக்குத்தான் கிடைத்தது என்றால், அந்த ஒரு லட்சம் டாலர் வித்தியாசத்துக்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது.

உங்கள் கணவருக்கு: பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வீட்டுக் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. ஹார்வர்டு உள்ளிட்ட எட்டு ஐவி கல்லூரிகளும் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோவும் வெயிட்லிஸ்ட்டில் வைத்த மாணவர்களில், கடைசியில் இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டார்கள். பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பதோடு ஒப்பிட்டால், வருமானத்தில் உச்ச 1 சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி மடங்கு கூடியது. ஆனால் சராசரி வருமானத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதுவும் அந்தப் பன்னிரண்டு கல்லூரிகளுக்குத்தான். வாட்ஸ்அப் குழுவில் பெயர் அடிபடும் மற்றக் கல்லூரிகளுக்கு இதை நீட்டிவிடக் கூடாது.

ஏப்ரலில் புது மாணவருக்கான நாள் நடத்துவார்கள். போனால் நூலகத்தையும் ஜிம்மையும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் இருவரைப் பிடித்து, கடந்த செமஸ்டரில் கேட்ட வகுப்பு கிடைத்ததா, சந்தேகம் வந்தால் யாரிடம் போகிறார்கள், முதல் இன்டர்ன்ஷிப் எப்படிக் கிடைத்தது என்று மகள் கேட்கட்டும். நீங்கள் நான்கடி தள்ளி நில்லுங்கள். வீட்டுக்கு வந்து நான்காண்டில் பட்டம் பெறுவோர் விகிதத்தைப் பாருங்கள். பல கல்லூரிகள் விளம்பரத்தில் போடுவது ஆறாண்டு விகிதம். கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் பாடப்பிரிவு வாரியாகச் சம்பளம் இருக்கிறது. மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ பெற்ற மாணவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

இதைப் படிக்கும் ஹெச்-4 விசாக் குடும்பங்களுக்கு (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கு) ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவியோ கடனோ கிடையாது. 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும். படிப்பின் நடுவில் எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறு நிலைக்கு மாற வேண்டிவரும். மாறினால் உள்மாநிலக் கட்டணம் (மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவானதும் கடைசி நாள் இரவுவரை இழுக்காமல் முன்பணத்தைக் கட்டி, ரசீதைச் சேமித்து, மற்றக் கல்லூரிகளின் போர்ட்டலில் ‘வரவில்லை’ என்று குறித்துவிடுங்கள். அந்த இடத்துக்காக வேறொரு வீட்டில் காத்திருக்கிறார்கள். ஹாஸ்டலுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு. பல இடங்களில் முந்தியவருக்கே அறை.