செயலிப் பதிவை மருத்துவர் பார்ப்பாரா?

கேள்வி: பாளையங்கோட்டையில் கீமோதெரபி பெறும் என் தாயாரின் உபாதைகளைக் கைபேசிச் செயலியில் பதிகிறேன். மருத்துவர் அதில் ஆர்வம் காட்டாதது ஏன்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அதை அலட்சியம் என்று கொள்ள வேண்டாம். நள்ளிரவில் வரும் பதிவை யார் பார்ப்பது, பார்க்கத் தவறினால் பொறுப்பு யாருடையது, நோயாளியின் விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பன தெளிவாகாதவரை, நெரிசலான புறநோயாளிப் பிரிவில் பணியாற்றுவோர் தயங்குவது இயல்பே. ஆயினும் பயன் உண்டு. அமெரிக்காவில் 766 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், உபாதைகளை இணையவழி பதிந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் (அதாவது, பாதிப் பேர் உயிருடன் இருந்த காலம்), வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மாதம் கூடியிருந்தது. கடுமையான உபாதைகள் அங்கே உடனுக்குடன் செவிலியருக்கு எட்டின என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆகவே பதிவுகளை ஒரே பக்கத்தில் சுருக்கிச் செவிலியரிடம் முதலில் காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ, செயலியில் பதிந்துவிட்டுக் காத்திராமல், எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்து உடனே புறப்படுங்கள்.